எதிர்வீட்டில் பேசுவதா, பள்ளியில் எழுதிக் கொடுப்பதா?

தம் பிள்ளையை மற்றொரு பிள்ளை தொடர்ந்து சீண்டுகிறது என்று தெரிந்தால், பெற்றோர் அந்த வீட்டாரிடமே நேரில் பேசலாம், அல்லது பள்ளியில் முறையிடலாம்.

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் முதல் வழியே இயல்பாகத் தோன்றும். இரு வீட்டாரும் ஒரே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், குடியிருந்து, ஒன்றாகக் கொழுந்து பறிப்பவர்களாக இருக்கக்கூடும். ஆனால் அந்த நெருக்கமே சிக்கலாகவும் மாறும். மாலையில் கொழுந்து எடை போடும் இடத்தில், நாலு பேர் காதுபட, "அக்கா, உங்க பையன் எங்க பாப்பாவோட பைய ஓடையில வீசிட்டானாம்" என்று தொடங்கினால், கேட்பவர் தம் மானத்தைக் காக்கவே முற்படுவார். அன்றிரவு அடி வாங்கும் பையன் மறுநாள் அந்த ஆத்திரத்தை யார்மீது காட்டுவான் என்று சொல்ல வேண்டியதில்லை.

பள்ளிவழி மெதுவானது. எனினும் நடந்தது என்ன, எந்த நாள், எந்த இடம், யார் பார்த்தார்கள் என்பதைத் தேதியிட்டு எழுதிக் கொடுத்து, ஒரு நகலையும் வைத்துக்கொண்டால், "விளையாட்டுக்குச் செய்திருப்பான்" என்று தள்ளிவிடுவது கடினம். பேருந்தில் நடப்பதை ஆசிரியர் பார்ப்பதில்லை என்பது இதன் குறை. அதை நடத்துநரிடம் தனியே சொல்லிவைக்க வேண்டும்.

சிறு வகுப்புப் பிள்ளைகளின் முதல் சண்டை என்றால் வீட்டுப் பேச்சே போதும். அடி, மிரட்டல், சாதிப் பேச்சு என்று வந்துவிட்டால் பள்ளியே சரி என்பது என் கருத்து. எதுவானாலும் பிள்ளையிடம் முதலில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பள்ளி அசையாவிட்டால் 14417 என்ற கல்வி உதவி எண்ணையோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையோ அழைக்கலாம்.