பிள்ளைக்கு ‘இந்தியா ஜெர்சி’ தருகிறேன் என்று பணம் கேட்கிறார்களா?

மேலூர், திருமங்கலம் பக்கம் பிள்ளைகளை ஃபுட்பால் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். போன மே மாதம் அவனோடு எங்கள் ஊர்ப் பையன்கள் 14 பேரை, நேபாளத்தில் சர்வதேசப் போட்டி என்று ஒருவர் அழைத்துப் போனார். தலைக்கு 32,000 ரூபாய். ‘செலக்ஷன்’ வைத்தார், வந்த பையன்களில் ஒருவன்கூடக் கழியவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். “உங்க பையன் இந்தியாவுக்கு ஆடப் போறான், இந்தச் சான்றிதழ் இருந்தா அரசு வேலையில 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்கு” என்றார். நாங்கள் விழுந்தது அந்த வார்த்தையில்தான். எதிர்வீட்டு அக்கா கம்மலை அடகு வைத்துக் கட்டினார்.

விமானம் என்றது, சென்னையிலிருந்து கோரக்பூர் ரயிலாக மாறியது. 14 பேருக்கு 6 படுக்கை. அங்கிருந்து பஸ்ஸில் சுனௌலி எல்லை, அப்புறம் பொக்காரா. எல்லையில், “செலவுக்குக் காசு மாத்தித் தர்றேன்” என்று ஆளுக்கு 500 ரூபாய் வாங்கி, 500 நேபாள ரூபாயைக் கையில் கொடுத்திருக்கிறார். நம் 100 ரூபாய்க்கு அங்கே 160. அதாவது 800 தந்திருக்க வேண்டும். சின்னத் தொகைதான். ஆனாலும் பிள்ளைகளின் கைச்செலவுக் காசில்கூடக் கை வைத்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

போட்டியில் மொத்தம் நான்கு அணி. ஒன்று உள்ளூர்ப் பள்ளிப் பையன்கள். மற்ற இரண்டும் இதே ஆள் வேறு மாவட்டங்களில் இருந்து கூட்டி வந்தவை. முதல் ஆட்டத்தில் எதிரே நின்றவர்களும் அதே நீல ஜெர்சி, அதே ‘இந்தியா’. “அப்பா, நாங்க யாரோட ஆடுறோம்னே தெரியலை” என்று போனில் அழுதான். இரண்டே நாளில் முடித்து, எல்லோருக்கும் மெடல் மாட்டி அனுப்பிவிட்டார்கள்.

ஊருக்கு வந்ததும் ரேஸ்கோர்ஸில் உள்ள விளையாட்டு மேம்பாட்டு ஆணைய அலுவலகத்தில் சான்றிதழைக் காட்டினேன். ஒதுக்கீட்டுக்குச் செல்லாது என்றார்கள்.

நமக்குத் தெரியாமல் போனது இதுதான். கால்பந்தில் இந்திய அணியைத் தேர்ந்தெடுப்பது அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு மட்டும். 1937-இல் தொடங்கிய அமைப்பு அது. வெளிநாட்டில் நல்ல இளையோர் போட்டிகள் இல்லாமல் இல்லை. ஸ்வீடனில் 1975 முதல் நடக்கும் கோதியா கோப்பைக்குக் கிளப்புகள் நேரடியாகவே பதிவு செய்து போகலாம். ஆனால் அங்கேயும் ஆடுவது கிளப் பெயரில்தான், நாட்டின் பெயரில் இல்லை. பணம் கட்டும் முன் போட்டியின் பெயரைக் கேளுங்கள், நடத்துபவர்களுக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள், ரசீது இல்லாமல் தனி ஆள் எண்ணுக்கு ஜிபே செய்யாதீர்கள். நாங்கள் அத்தனை பேரும் அப்படித்தான் அனுப்பினோம்.

மாவட்டக் குற்றப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறோம். அதே ஆள் இப்போது தாய்லாந்துக்கு ஆள் சேர்ப்பதாகக் கேள்விப்படுகிறேன். முன்பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால், பணம் அனுப்பிய விவரத்தை அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள். சேர்ந்தே போய்க் கொடுப்போம்.