நகராட்சி ஒப்பந்தத் தொழிலாளருக்கு இன்சூரன்ஸ் எடுப்பவர்களே, ‘அதே பாலிசி, குறைந்த பிரீமியம்’ என்று வருபவரிடம் உஷார்

மார்ச் மாதம் நெருங்கினால் நகராட்சி அலுவலக வாசலில் ஒப்பந்ததாரர்களை விட இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுகளின் நடமாட்டம்தான் அதிகம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கத் தொழிலாளர் இன்சூரன்ஸ் சான்று வேண்டும் என்பதும், அதை வாங்கிக் கோப்பில் வைக்கும் எழுத்தர் முதல் பக்கத்தைத் தாண்டிப் படிக்க மாட்டார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். கோப்புக்கு ஒரு காகிதம் வேண்டும், அந்தக் காகிதத்தை அவர்கள் விற்கிறார்கள். விபத்து நடந்தால் அந்தக் காகிதம் பணம் தருமா என்பதைப் பற்றி விற்பவருக்கும் கவலை இல்லை, வாங்கிக் கோப்பில் சேர்ப்பவருக்கும் கவலை இல்லை.

ஒரு நகராட்சியின் குடிநீர் நீரேற்று நிலையங்களையும் தெருவிளக்குகளையும் பராமரிக்கும் சிறிய ஒப்பந்ததாரரிடம் கணக்குப் பார்க்கிறேன். எங்களிடம் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். ஊரில் எல்லோருக்கும் அவர்கள் ‘நகராட்சி ஆட்கள்’தான். குழாயில் தண்ணீர் வராவிட்டால் திட்டு வாங்குவதும் அவர்களே. ஆனால் சம்பளப் பட்டியலில் அவர்கள் எங்கள் ஆட்கள்.

மேலே போகும் முன் ஒன்று. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலைக்கு வைத்திருந்தால், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் அரசின் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யில்தான் சேர வேண்டும். வேலையில் அடிபட்டால் இழப்பீடு இ.எஸ்.ஐ.யிடமிருந்து வரும். அதே விபத்துக்குத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் முதலாளியிடம் தனியாகக் கேட்க முடியாது. அப்படி இ.எஸ்.ஐ.யில் இருக்கும் ஆட்களின் தலையிலும் தனிப் பாலிசி கட்டிவிட்டுப் போகிற ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். எங்கள் நிலை வேறு. பத்துப் பேர் இல்லாததால் எங்களுக்கு இ.எஸ்.ஐ. இல்லை. எனவே அப்போது நடைமுறையில் இருந்த 1923-ஆம் ஆண்டின் அந்த இழப்பீட்டுச் சட்டப்படி முழுப் பொறுப்பும் முதலாளி தலையில். அந்தப் பொறுப்பை ஏற்கும் காப்பீட்டைப் பேச்சு வழக்கில் டபிள்யூ.சி. (வொர்க்மென்ஸ் காம்பன்சேஷன்) பாலிசி என்று சொல்வோமே, அதை எடுத்து வைத்திருந்தோம்.

முதல் பாலிசி நன்றாகத்தான் இருந்தது. ஆளுக்குப் பம்ப் ஆபரேட்டர், வயர்மேன் என்று வேலை எழுதி, உண்மையான சம்பளம் காட்டி, மருத்துவச் செலவுக்கான கூடுதல் பிரிவும் சேர்த்து எடுத்தது. அடுத்த ஆண்டு புதுப்பிக்கும் நேரத்தில்தான் இந்தப் புதிய ஏஜென்ட் உள்ளே நுழைந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், வாய் நிறையச் சிரிப்பு. “அதே பாலிசி சார், ஏறத்தாழ பாதிப் பிரீமியம். என் கமிஷனில் ஒரு பங்கும் உங்களுக்குத்தான்” என்றார். கமிஷனைத் திருப்பித் தருவதாகச் சொல்வது இன்சூரன்ஸ் சட்டத்தின் 41-ஆவது பிரிவின்படி குற்றம். முதலாளி காதில் விழுந்ததோ ‘பாதி’ என்ற சொல் மட்டும்.

பழைய பாலிசியின் நகலை இணைத்து, இதே விதிமுறைகளுடன், இதே சம்பள விவரங்களுடன், மருத்துவப் பிரிவுடன் வேண்டும் என்று மின்னஞ்சல் அனுப்பினேன். ‘அதே விதிமுறைகள்தான், கவலை வேண்டாம்’ என்று பதில் வந்தது. பணம் கட்டிய அன்றே ஒரு பக்கச் சான்று வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. முதலாளி பெயர், பாலிசி எண், தொடங்கும் நாள், முடியும் நாள், ஒன்பது பேர், கீழே முத்திரை. நகராட்சிக் கோப்பில் அது போய் உட்கார்ந்தது. முழுப் பாலிசியையும் விண்ணப்பப் படிவத்தின் நகலையும் கேட்டபோதெல்லாம் “அச்சுக்குப் போயிருக்கிறது சார்” என்ற ஒரே பதில்தான்.

2023 மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை, மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கில் எங்கள் ஆபரேட்டர் ஒருவரின் வலது கை சிக்கியது. அவருக்கு வயது நாற்பது. ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல் மூன்றும் போய்விட்டன. அரசு மருத்துவமனையில் முதலுதவி செய்துவிட்டு, தனியார் மருத்துவமனையில் இரண்டு முறை அறுவை சிகிச்சை.

முழுப் பாலிசியை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். ஏஜென்ட் தரவில்லை. இன்சூரன்ஸ் நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் பாலிசி எண்ணைச் சொல்லி நேரடியாகக் கேட்டு வாங்கினேன். வேலை விவரம் என்ற கட்டத்தில் ஒன்பது பேருக்கும் ‘காவலாளி’ என்று இருந்தது. மாதச் சம்பளம் 16,000 என்று நாங்கள் எழுதிக் கொடுத்த இடத்தில் 8,000. மருத்துவச் செலவுப் பிரிவுக்கு எதிரே ‘இல்லை’. பத்து மாதமாக ஒன்பது காவலாளிகள் எங்கள் மோட்டாரை ஓட்டிக்கொண்டும் மின்கம்பத்தில் ஏறிக்கொண்டும் இருந்திருக்கிறார்கள் போல! விண்ணப்பப் படிவத்தில் முதலாளியின் கையெழுத்து என்று ஒன்று இருந்தது. அது அவர் கையெழுத்து இல்லை.

பிரீமியம் எப்படிப் பாதியானது என்பது அங்கேயே விளங்கிவிட்டது. இந்த வகைப் பாலிசியில் பிரீமியத்தைக் கணக்கிடுவது ஆண்டுச் சம்பளத் தொகையையும் வேலையின் ஆபத்தையும் வைத்து. ஒன்பது பேருக்கு மாதம் 16,000 என்றால் ஆண்டுக்கு 17,28,000 ரூபாய். 8,000 என்று காட்டினால் 8,64,000. கூடவே, மின்கம்பத்தில் ஏறுபவரை நாற்காலியில் உட்காரும் காவலாளியாக மாற்றினால் விகிதமும் இறங்கிவிடும். அவர் எங்களுக்குத் தள்ளுபடி எதுவும் தரவில்லை. பாதிப் பாதுகாப்பை வெட்டி எடுத்துவிட்டு மீதியை விற்றிருக்கிறார்.

தொலைபேசியில் பிடித்துக் கேட்டபோது “சட்டத்தில் சம்பள உச்சவரம்பே எட்டாயிரம்தானே சார், அதற்கு மேல் காட்டி என்ன பயன்?” என்றார், கூச்சமே இல்லாமல். இழப்பீட்டுக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் சம்பளத்துக்கு 2010 முதல் 8,000 உச்சவரம்பாக இருந்தது உண்மை. 2020 ஜனவரியில் மத்திய அரசு அதை 15,000 ஆக உயர்த்திவிட்டது. இந்தத் தொழிலில் இருப்பவருக்கு அது தெரியாமல் போக வழியே இல்லை.

இதனால் என்ன நட்டம் என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். நிரந்தர முழு ஊனத்துக்கு, மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கு உரிய காரணியால் பெருக்க வேண்டும். நாற்பது வயதுக்குக் காரணி 184.17. உச்சவரம்பு 15,000 என்பதால் அதில் 60 சதவீதம் 9,000. பெருக்கினால் 16,57,530. ஒரு கையின் மூன்று விரல்கள் இழப்புக்குச் சட்டத்தின் அட்டவணை சொல்லும் அளவு 30 சதவீதம். ஆக, அவருக்குச் சேர வேண்டியது 4,97,259 ரூபாய். அதே கணக்கை 8,000 ரூபாய்ச் சம்பளத்தில் போட்டால் 2,65,205 மட்டும். இடையில் உள்ள இரண்டு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் யார் கையிலிருந்து போகும்? தொழிலாளிக்கு முழுத் தொகையும் வந்தாக வேண்டும், அதில் சட்டத்துக்குச் சந்தேகமே இல்லை. பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்பது முதலாளிக்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான விவகாரம். எனவே மிச்சம் முதலாளி தலையில்தான்.

மருத்துவச் செலவும் அப்படியே. 2009-இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, வேலையில் பட்ட காயத்துக்கான மருத்துவச் செலவை முதலாளி முழுவதுமாகத் திருப்பித் தர வேண்டும். உச்சவரம்பு கிடையாது. பாலிசியிலோ மருத்துவப் பிரிவைக் கேட்டுச் சேர்த்தால்தான் உண்டு, அதற்கும் ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு வரம்பு இருக்கும். எங்களுடையதில் அந்தப் பிரிவே இல்லாததால் இரண்டு அறுவை சிகிச்சைக்கான பில்லையும் முதலாளியே கட்டினார்.

இதற்கிடையே அந்த ஏஜென்ட் செய்த இன்னொரு காரியத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. மருத்துவமனைக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஆபரேட்டரின் மனைவியை உட்கார வைத்து, ஐம்பதாயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டு ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று கணவரிடம் கையெழுத்து வாங்கித் தரும்படி முத்திரைத்தாளை நீட்டியிருக்கிறார். அந்த அம்மா எனக்குத் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, இதில் அவர் இடது கைப் பெருவிரலை வைக்கலாமா?” என்று கேட்டார். வைக்கக் கூடாது என்றேன். நல்லவேளை, கேட்டார். சட்டப்படியான இழப்பீட்டை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது, 1923 சட்டத்தின் 17-ஆவது பிரிவு அதைத்தான் சொன்னது. சமரசமாகத் தொகை பேசினாலும் இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். டீக்கடையில் முடிக்கிற காரியம் இல்லை இது. வீட்டில் யாருக்காவது வேலையில் அடிபட்டிருந்தால் இந்தப் பத்தியை மட்டுமாவது அவர்களிடம் படித்துக் காட்டுங்கள்.

நிறுவனம் அனுப்பிய விசாரணை அதிகாரி முதலில் பிடித்தது வேறு கயிற்றை. கப்ளிங்கின் பாதுகாப்பு மூடியை ஆபரேட்டரே கழற்றிவிட்டார், வேண்டுமென்றே பாதுகாப்புச் சாதனத்தை அகற்றினால் இழப்பீடு இல்லை என்றார். அப்படி ஒரு விலக்கு சட்டத்தில் உண்டு. ஆனால் மூடி துருப்பிடித்து உடைந்து மோட்டார் அறை மூலையில் கிடப்பதைப் பல மாதங்களுக்கு முன்பே ஆபரேட்டர் நீரேற்று நிலையப் பதிவேட்டில் எழுதியிருந்தார். கோணல்மாணலான எழுத்து, ‘கப்ளிங் மூடி உடைந்துவிட்டது, மாற்ற வேண்டும்’. பக்கத்தில் நகராட்சி உதவிப் பொறியாளரின் பச்சை மைக் கையெழுத்து. அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் அதிகாரி பேச்சை மாற்றிக்கொண்டார். தினசரிப் பதிவேட்டை யாராவது பழைய பேப்பர் கடையில் போட நினைத்தால் தடுத்துவிடுங்கள்.

தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையர் முழுத் தொகைக்கும் உத்தரவிட்டார். இன்சூரன்ஸ் நிறுவனம் 8,000 ரூபாய்க் கணக்கில் வந்ததை மட்டும் கட்டியது. மிச்சத்தையும், தாமதத்துக்கான 12 சதவீத வட்டியையும் முதலாளி கட்டினார். வட்டியை ஏற்கமாட்டோம் என்று பாலிசியில் ஒரு வரி இருந்தது. அப்படி எழுதிக்கொள்வது செல்லும் என்று 2006-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருப்பதால் வாதாட இடமில்லை. இந்தப் பணம் தொழிலாளி கைக்குப் போகும் வரை நகராட்சி எங்கள் காப்புத்தொகையைப் பிடித்து வைத்திருந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1923 சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி, வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டவரிடமும் தொழிலாளி நேரடியாக இழப்பீடு கேட்க முடிந்தது. ஒப்பந்ததாரர் கையை விரித்திருந்தால் நகராட்சிதான் கொடுத்திருக்க வேண்டும். அவ்வளவு பொறுப்பை வைத்துக்கொண்டு ஒரு பக்கச் சான்றைப் படிக்காமல் கோப்பில் சேர்க்கிறார்களே என்பதுதான் என் கோபம்.

பக்கத்து ஊரில் துப்புரவு ஒப்பந்தம் எடுத்திருக்கும் நண்பருக்கு நடந்தது இன்னும் மோசம். அவரிடம் விற்றது டபிள்யூ.சி. பாலிசியே அல்ல, குழு விபத்துக் காப்பீடு. அதன் பிரீமியம் மலிவுதான். ஆனால் அது தொழிலாளிக்குக் குறிப்பிட்ட ஒரு தொகையைத் தருமே தவிர, முதலாளியின் சட்டப் பொறுப்பை ஏற்காது. ஆணையர் உத்தரவிட்டால் அந்தப் பணம் தனியாகப் போகும். சான்றின் மேலே ‘தொழிலாளர் காப்பீடு’ என்று பெரிய எழுத்தில் இருந்ததாம், உள்ளே இருந்த பெயரை யாரும் பார்க்கவில்லை.

ஆகவே, கையில் சான்று வந்தால் போதாது. பாலிசி அட்டவணையில் வேலை விவரம், சம்பளம், மருத்துவப் பிரிவு, வட்டி பற்றிய வாசகம், தொடங்கும் தேதி ஐந்தையும் பாருங்கள். தேதி முக்கியம், பிரீமியம் நிறுவனத்தின் கைக்குப் போய்ச் சேர்வதற்கு முன் பொறுப்பு தொடங்காது. காசோலை திரும்பினால் பாலிசியை நிறுவனம் ரத்து செய்துவிடலாம். மழைக்காலத்தில் கூடுதலாக ஆள் சேர்த்தால் அன்றே எழுதித் தெரிவியுங்கள். விண்ணப்பப் படிவத்தின் நகலைக் கேட்பது உங்கள் உரிமை. ஏஜென்ட் இழுத்தடித்தால் கிளை அலுவலகத்துக்குப் போங்கள். 2020-இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்த பிறகும் முதலாளியின் பொறுப்பு போய்விடவில்லை, ஆகவே இந்தச் சரிபார்ப்பும் போகாது.

போலிக் கையெழுத்துப் பற்றிக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கும், பிறகு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார் தளமான பீமா பரோசாவிலும் அந்த மின்னஞ்சலை இணைத்துப் புகார் பதிந்தோம். ‘ஏஜென்ட்டிடம் விளக்கம் கேட்கப்பட்டுள்ளது’ என்ற ஒற்றை வரியைத் தவிர இன்னும் ஒன்றும் வரவில்லை. குறுநிறுவனம் என்பதால் அடுத்து, இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகிறோம்.

அந்த ஏஜென்ட் எங்கள் அழைப்பை எடுப்பதில்லை. ஆனால் போன வாரம் வாட்ஸ்அப்பில் அவரிடமிருந்து தானாக ஒரு செய்தி வந்தது. பாலிசி புதுப்பிக்கும் நாள் நெருங்குகிறதாம், இந்த முறை இன்னும் பத்து சதவீதம் குறைத்துத் தருகிறாராம்.