ஈசிஆர் ஓரம் மனை வாங்கப் போகிறீர்களா? பட்டா அசலாக இருந்தாலும் ஏமாறலாம்

ஈசிஆர் எனும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளம் தாண்டி மரக்காணம் வரை கடலோரம் குடியேற இடம் தேடுகிறவர்களுக்கு இந்தப் பதிவு. இங்கே பணத்தை இழந்தவர்களில் பலர் போலிப் பத்திரத்தில் ஏமாறவில்லை. பட்டா அசல், வில்லங்கச் சான்று சுத்தம், விற்றவரும் உண்மையான உரிமையாளர்தான். ஆனால் நிலம் யாருடையது என்பதற்குத்தான் அவை சாட்சி. அங்கே வீடு கட்டலாமா என்பதற்கு அவற்றில் பதில் கிடையாது. புரோக்கர் பிழைப்பே அந்த இடைவெளியில்தான்.

அதிகம் நடப்பது 'பண்ணை மனை' வியாபாரம். சவுக்குத் தோப்பை அழித்து, செம்மண் சாலை போட்டு, கல் நட்டு, பத்துப் பத்து சென்டாக விற்பார்கள். அனுமதி பெறாத மனைப்பிரிவைப் பதிவு செய்வதைப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடுக்கிறது. அதனால் பத்திரத்தில் மனை என்ற சொல்லே வராது. விவசாய நிலம் என்றோ, பிரிக்கப்படாத பாகம் என்றோ எழுதுவார்கள். பதிவு ஆகிவிடும், கூட்டுப் பட்டாவில் பெயரும் ஏறிவிடும். கட்டட அனுமதிக்குப் போகும்போதுதான் குட்டு உடையும்: அந்தச் சாலை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் செய்யப்படவே இல்லை, காகிதப்படி உங்கள் மனைக்கு வழியே கிடையாது. "அப்புறம் ரெகுலரைஸ் பண்ணிக்கலாம் சார்" என்பார்கள். அதற்கான 2017 வரன்முறை (ரெகுலரைஸ்) விதிகள் 2016 அக்டோபர் 20-க்குள் உருவான மனைப்பிரிவுகளுக்குத்தான்; நேற்று நட்ட கல்லுக்கு அல்ல.

'பஞ்சாயத்து அப்ரூவ்ட்' என்றால் அங்கேயே திரும்பிவிடலாம். ஊராட்சித் தலைவருக்கு மனைப்பிரிவை அங்கீகரிக்கும் அதிகாரம் இல்லை. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) கொடுத்த அங்கீகார எண் வேண்டும். மனைப்பிரிவு 500 சதுர மீட்டரைத் தாண்டினால் ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண்ணும் வேண்டும். எண் இருக்கிறது என்பதோடு விடாதீர்கள்; அங்கீகரித்த வரைபடத்தில் உங்கள் மனை எண்ணைத் தேடுங்கள். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தையும் மனையாக்கி விற்கிற கெட்டிக்காரர்கள் உண்டு.

அடுத்தது கடல். தூரத்தை அலை நுரையிலிருந்து காலடி வைத்து அளந்து காட்டுவார்கள். சட்டம் அளப்பது உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது இன்னும் மேலே ஏறிய இடத்திலிருந்து. அங்கிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். 2019 அறிவிக்கைப்படி, ஊர்ப்புறங்களில் 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்த பகுதியில் முதல் 50 மீட்டரும், மற்ற இடங்களில் முதல் 200 மீட்டரும் புதுக் கட்டடத்துக்கு மூடப்பட்டவை. ரோட்டுக்கு மேற்கே வாங்கினால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் பக்கிங்காம் கால்வாயை மறந்துவிடுகிறார்கள். கடலலை ஏறி இறங்கும் கால்வாய், கழிமுகக் கரைகளுக்கும் மண்டலக் கட்டுப்பாடு உண்டு. புல எண்ணை (சர்வே நம்பர்) எடுத்துக்கொண்டு கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் பொருத்திப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மாமல்லபுரத்தில் இன்னொரு தலைவலி: பாதுகாக்கப்பட்ட புராதனச் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டவே முடியாது, அதற்கடுத்த 200 மீட்டருக்குள் தனி அனுமதி வேண்டும்.

தண்ணீரை மார்கழியில் காட்டுவார்கள். மழை முடிந்த கையோடு எந்தக் கிணறும் இனிக்கும். வைகாசியில் போய், மோட்டாரை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அதன் பிறகு வரும் நீரைப் பிடித்து ஆய்வகத்தில் கொடுங்கள். டிடிஎஸ், அதாவது நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை குடிக்க உகந்தது. 2,000 தாண்டினால் குடிநீராக ஏற்க முடியாது. "இன்னும் ஆழமா போட்டா நல்ல தண்ணி" என்பது கடலோர மணலில் பெரும்பாலும் தலைகீழ். நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பது அடிதான் நன்னீர். ஆழம் கூட்டினாலும் வேகமாக இறைத்தாலும் உப்பு மேலேறும். பக்கத்து வீட்டுக் குழாய் முனையில் வெள்ளை படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அட்வான்ஸ் ஒப்பந்தத்தில் ஒரு வரி கேளுங்கள்: கட்டட அனுமதி மறுக்கப்பட்டால் கொடுத்த தொகை முழுவதும் இத்தனை நாளுக்குள் திரும்ப வேண்டும், தேதியோடு. எழுத மறுக்கிறவரிடம் விலை பேச வேண்டியதே இல்லை.