என் கணக்கில் மட்டும் ஓடாத செயலி: 4,500 போன கதை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். 4,500 ரூபாய் போயிற்று. அதோடு ஆறு வருடமாகக் கணினியில் சேர்த்து வைத்திருந்தவற்றில் பாதியும் போயிற்று. பெயர் சொல்லப்போவதில்லை. கணினி உதவி என்று தேடினால் விளம்பரமாக முதலில் வந்து நிற்பார்களே, நம் திரையைத் தொலைவிலிருந்தே பிடித்துக்கொண்டு சரிசெய்து தருகிறோம் என்பார்களே, அந்த ரகம். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

வீட்டில் ஒரே ஒரு விண்டோஸ் கணினி. அதில் வீட்டுக்காரருக்கு ஒரு பயனர் கணக்கு, எனக்கு ஒன்று. பக்க வடிவமைப்புக்கு நான் வைத்திருக்கும் செயலி போன வாரம் திடீரென்று என் கணக்கில் திறக்க மறுத்தது. முகப்புப் படம் வரும், கீழே ‘எழுத்துருக்கள் ஏற்றப்படுகின்றன’ என்று ஒரு வரி ஓடும், அப்புறம் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. அவர் கணக்கில் நுழைந்து திறந்தால் சமர்த்தாகத் திறந்தது. செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்த்தேன். அதே கதைதான். மறுநாள் ஒரு வேலையைக் கொடுத்தாக வேண்டிய அவசரம். அந்த எண்ணை அழைத்தேன்.

எடுத்தவர் அவ்வளவு பொறுமையாகப் பேசினார். “கவலையே படாதீங்க மேடம், அரை மணி நேரத்துல முடிச்சுக் குடுத்துடறேன்.” திரையைக் கையில் எடுத்ததும் ஈவென்ட் வியூவர் என்ற பகுதியை, அதாவது கணினியில் நடப்பதையெல்லாம் விண்டோஸ் பதிந்து வைக்கும் இடத்தை, திறந்து காட்டினார். வரிசையாகச் சிவப்புக் குறிகள். “பாத்தீங்களா மேடம், எத்தனை எரர்!” நான் ஆடிப்போய்விட்டேன். நன்றாக ஓடுகிற கணினியிலும் அந்த இடத்தில் சிவப்பும் மஞ்சளும் இருந்துகொண்டேதான் இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. 4,500 முன்பணமாகக் கேட்டார். அனுப்பினேன்.

இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். “வீட்டுக்காரர் கணக்குல நல்லா ஓடுதுங்க” என்று அவரிடம் இரண்டு முறை சொன்னேன். பாதி விடை அதிலேயே இருந்தது. ஒரு கணக்கில் ஓடுகிறது, இன்னொன்றில் ஓடவில்லை என்றால் செயலியும் விண்டோஸும் அநேகமாக நன்றாகவே இருக்கின்றன. அந்தக் கணக்குக்கு மட்டும் சொந்தமான எதிலோதான் கோளாறு. அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. “அது இருக்கட்டும் மேடம், சிஸ்டம் ஃபைல் கரப்ட் ஆகியிருக்கு” என்று சொல்லிக் கறுப்புச் சன்னலில் ஏதோ கட்டளை கொடுத்தார். விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சரிபார்க்கிற கட்டளை அது. என் கணக்கின் அமைப்புகளை அது எட்டிக்கூடப் பார்க்காது. ஒரு கோளாறும் இல்லை என்று விடை வந்தது. அதையும் “சுத்தம் ஆயிடுச்சு பாருங்க” என்று தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார்.

செயலி அப்போதும் திறக்கவில்லை. “உங்க புரொஃபைலே போயிடுச்சு மேடம், புதுசா போட்டாத்தான் ஆகும். சார் கணக்குலதானே அட்மின் இருக்கு, அதுல போங்க” என்றார். வீட்டுக்காரரின் கடவுச்சொல்லை என் கையாலேயே தட்டினேன். “ஃபைல் எல்லாம் பேக்கப் எடுத்துட்டீங்களா?” என்று கேட்டேன். “எல்லாம் எடுத்தாச்சு மேடம், பயப்படாதீங்க.” கணக்கையும் அதிலுள்ள தரவையும் சேர்த்து நீக்கவா என்று திரையில் ஒரு கேள்வி வந்தது. “ஆமாம்னு குடுங்க” என்றார். கொடுத்தேன். இந்த இடத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அதே பெயரில் புதுக் கணக்கு வந்தது. செயலியும் திறந்தது. “ரொம்ப நன்றி தம்பி” என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

மறுநாள் காலைதான் விஷயம் தெரிந்தது. பேக்கப் என்ற கோப்புறையில் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், படங்கள் இருந்தன. டவுன்லோட்ஸ் இல்லை. ஆப்டேட்டா இல்லவே இல்லை. ஒவ்வொரு பயனரின் கோப்புறைக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் கோப்புறை அது. செயலிகள் நமக்காகச் சேமித்து வைப்பதில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கும். உலாவியின் புத்தகக்குறிகள், சேமித்த கடவுச்சொற்கள், ஒட்டுக் குறிப்புகள், வேர்டில் நான் ஒவ்வொன்றாகச் சேர்த்த சொற்களின் பட்டியல், என் வார்ப்புருக்கள், எல்லாம் அதோடு போயின. ஆறு வருடம் சேர்த்த சொற்பட்டியல்! வேறு யாருக்கும் அது குப்பை. எனக்கு அது சம்பாத்தியம்.

சரி, செயலியாவது ஓடுகிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அன்று மாலை என் வழக்கமான எழுத்துருக்களை மறுபடி இறக்கி நிறுவினேன். செயலியைத் திறந்தேன். முகப்புப் படம், ‘எழுத்துருக்கள் ஏற்றப்படுகின்றன’, அப்புறம் பழையபடி மூடிக்கொண்டது. ஆக, 4,500 கொடுத்து வாங்கிய வைத்தியம் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

அழைத்தேன். அரை மணியில் கூப்பிடுகிறோம் என்றார்கள், கூப்பிடவில்லை. மறுபடி அழைத்தால் வேறொருவர்: உங்கள் புகார் ‘தீர்ந்தது’ என்று மூடப்பட்டிருக்கிறது, புதிதாகப் பணம் கட்டிப் பதியுங்கள் என்றார். அழிந்த கோப்புகளுக்கு யார் பொறுப்பு என்றேன். “ஆமாம்னு அமுக்குனது நீங்கதானே மேடம்?” என்று கூசாமல் கேட்டார். மூன்றாவது ஆள் இன்னும் ஒரு படி மேலே போனார். தரவு மீட்புக்குத் தனித் திட்டம் இருக்கிறதாம், 7,000 ஆகுமாம். அழித்தவர்களே மீட்கவும் பணம் கேட்கிறார்கள்! 4,500-ஐத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதிய மூன்று செய்திகளுக்கும் வந்தது எழுத்து மாறாத ஒரே பதில்: சேவை வழங்கப்பட்டுவிட்டது. அதன் பிறகு என் எண்ணிலிருந்து அழைத்தால் மணியே அடிப்பதில்லை.

கடைசியில் கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தியிடம் புலம்பினேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “அக்கா, கடைசியா நல்லா ஓடுனதுக்கும் நின்னதுக்கும் நடுவுல உங்க கணக்குல என்ன புதுசா போட்டீங்க?” யோசித்தேன். ஓர் எழுத்துரு. முதல் தடவை நின்றதற்கு முதல் நாள்தான் அதை இறக்கியிருந்தேன். புதுக் கணக்கில் மறுபடி நிறுவியவற்றிலும் அது இருந்தது. 2018 இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, ‘எல்லோருக்கும் நிறுவு’ என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் எழுத்துரு அந்த ஒரு கணக்குக்கு மட்டுமே போய்ச் சேரும் என்றாள். அது போய் உட்காருவதும் அதே ஆப்டேட்டாவில்தான். அதனால்தான் வீட்டுக்காரர் கணக்கில் ஒரு தொல்லையும் இல்லை. பழுதான அந்தக் கோப்பை நீக்கினாள். செயலி திறந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இன்னொன்றையும் காட்டினாள். அந்த ஆள் என்னைப் பயமுறுத்திய அதே ஈவென்ட் வியூவரில், செயலி செத்த நேரத்துக்கு நேரான சிவப்பு வரியைத் திறந்தால், எந்தக் கோப்பில் இடறியது என்று எழுதியிருக்கிறது. எழுத்துகளைத் திரையில் வரைகிற கோப்பின் பெயர் அதில் இருந்தது. அவர் பட்டியலைத்தான் காட்டினார், ஒரு வரியைக்கூடத் திறந்து படிக்கவில்லை. முகப்புப் படத்தின் கீழே ஓடிய வரியைப் படிக்காமல் விட்டதில் எனக்கும் பங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன். இப்போது அதற்குத் தெம்பில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கணக்கில் மட்டும் கோளாறு என்றால் சோதிக்கப் புதிதாக ஒரு கணக்கு உண்டாக்கிப் பாருங்கள், பழையதை நீக்கவே நீக்காதீர்கள். அந்தச் செயலியின் கோப்புறையை ஆப்டேட்டாவில் தேடி, செயலியை மூடிவிட்டு, அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி வைத்துத் திறந்து பாருங்கள். உதவவில்லை என்றால் பழைய பெயரையே திரும்ப வைத்துவிடலாம். அட்மின் கடவுச்சொல்லை அழைப்பில் இருக்கும் யாருக்காகவும் தட்டாதீர்கள். பேக்கப் எடுத்தாச்சு என்றால் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரரின் கடவுச்சொல்லை நேற்றே மாற்றிவிட்டோம், தொலைவிலிருந்து திரையைப் பிடிக்க அவர்கள் போட்ட செயலியையும் நீக்கியாயிற்று. என்னுடையதில் இன்னும் பதினொரு தளங்கள் பாக்கி. ஒன்றின் கடவுச்சொல்லும் நினைவில் இல்லை, ஒவ்வொன்றாக ‘மறந்துவிட்டேன்’ அமுக்கிக்கொண்டிருக்கிறேன்.