நெல்லைச் சீமையில் இசைவழிப் பயணம்: டவுனா, ஆற்றங்கரையா, கரிசலா?

திருநெல்வேலிக்கு இரண்டு நாள் விடுப்பில் வருபவர்கள் பெரும்பாலும் குற்றாலத்தையும் அல்வாவையும் பற்றித்தான் விசாரிப்பார்கள். சென்னையில் வீணை கற்றுவரும் என் சித்தி மகள் சென்ற ஆண்டு வந்தபோது வேறொன்றைக் கேட்டாள்: "அண்ணே, ரெண்டு நாள்தான் இருக்கு. பாட்டு சம்பந்தப்பட்ட இடமா பாக்கணும், நம்ம ஊர்ச் சாப்பாடும் சாப்பிடணும். எந்தப் பக்கம் போகலாம்?" பாளையங்கோட்டையிலேயே பிறந்து வளர்ந்த என்னால் அன்று தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதன்பின் பலமுறை போய்வந்ததில் மூன்று வழிகள் எனக்குப் புலப்பட்டன: நெல்லையப்பர் கோயிலை நடுவாகக் கொண்ட டவுன், தாமிரபரணியோடு கிழக்கே இறங்கும் ஆழ்வார்திருநகரி வழி, வடக்கே கரிசல் மண்ணில் கோவில்பட்டி–எட்டயபுரம் வழி. தூரம், செலவு ஆகியவற்றைவிட, போகும் நேரத்தில் அங்கே இசை ஒலிக்கிறதா என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

டவுனைப் பற்றிச் சொல்லும் எவரும் மணிமண்டபத்து இசைத்தூண்களிலிருந்துதான் தொடங்குவார்கள். ஒரே கல்லில் ஒரு பெருந்தூணும் அதைச் சூழ்ந்து பல சிறு தூண்களுமாகச் செதுக்கப்பட்டிருக்கும் அவை, பருமனுக்கும் உயரத்துக்கும் ஏற்ப வெவ்வேறு சுருதி தருபவை. கல்லைத் தட்டி ஒலி கேட்க வேண்டும் என்ற ஆவல் எவருக்கும் எழும். ஆனால் நாளெல்லாம் வருவோர் போவோர் தட்டினால் எந்தக் கல்லும் தேய்ந்துவிடும் என்பதால், கண்ணால் பார்த்து நிற்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். அந்த ஏமாற்றத்தை ஈடுசெய்யும் இசை அதே கோயிலில் தினமும் உண்டு. மாலை நடை திறந்த பிறகு நாகசுரமும் தவிலும் ஒலிக்கின்றன. ஓதுவார் தேவாரம் பாடுகிறார். இத்தலத்துக்குச் சம்பந்தர் பதிகம் இருப்பதால் அதைக் கேட்கும் வாய்ப்பும் அமையலாம். சிவபெருமான் ஆடிய ஐந்து சபைகளுள் தாமிர சபை இங்கேதான் இருக்கிறது. நெல்லையப்பர் கோயிலையும் காந்திமதி அம்மன் கோயிலையும் இணைக்கும் சங்கிலி மண்டபம் 1647-இல் வடமலையப்ப பிள்ளையால் கட்டப்பட்டது. அதன் வழியே நடக்கும்போது ஒரு சன்னதியின் மேளம் பின்னால் தேய்ந்து, மற்றொரு சன்னதியின் மணியோசை முன்னால் வளர்வதைக் கேட்கலாம்.

சித்தி மகளை நான் முதலில் அழைத்துப் போனது நண்பகல் தாண்டிய வேளையில். நடை சாத்தியிருந்தது. வெயிலில் ரத வீதியைச் சுற்றிக் களைத்து, மாலை நடை திறக்கும்வரை காத்திருந்தோம். தூண்களைப் பார்க்கும்போது அவளிடம் உற்சாகம் வற்றிப் போயிருந்தது. பிறகு அம்மன் சன்னதிப் பக்கமிருந்து நாகசுரம் எழுந்ததும், தரையில் உட்கார்ந்தவள் அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு இடத்தைப் பிறகு முடிவு செய்யும் பழக்கம் எனக்கு அன்றுதான் வந்தது.

உணவில் டவுனுக்கு இணை இல்லை. கீழ ரத வீதியில் கோயிலுக்கு எதிரே இருக்கும் இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கிறது என்பதால், மாலைப் பூசையும் அல்வாவும் ஒரே வேளையில் பொருந்திவிடுகின்றன. சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலைச் சர்க்கரையோடும் நெய்யோடும் மணிக்கணக்கில் கிளறி எடுத்த அல்வாவைச் சூட்டோடு கையில் வாங்கினால், விரலிடுக்கில் நெய் வழியும். மெல்ல வேண்டிய தேவையே இல்லாமல் தொண்டையில் இறங்கிவிடும். அதைவிடவும் நான் பரிந்துரைப்பது சொதி. தேங்காயை மூன்று தரமாகப் பால் பிழிந்து, பாசிப்பருப்பும் காய்களும் சேர்த்து, கடைசியாக எலுமிச்சை பிழிந்து இறக்கும் இந்தக் குழம்பு, திருநெல்வேலிச் சைவ வேளாளர் வீடுகளில் மறுவீட்டு விருந்துக்கு உரியது. பக்கத்தில் இஞ்சித் துவையல் கட்டாயம் இருக்க வேண்டும். தேங்காய்ப்பாலின் மந்தத்தை முறிப்பது அதுதான். சில உணவகங்களில் இன்று சொதி கிடைக்கிறது; தெரிந்த வீட்டில் அழைத்தால் அதைத் தட்டக்கூடாது.

கிழக்கு வழி இதற்கு நேர்மாறானது. அங்கே உணவு குறைவு, கல்லும் தமிழும் நிறைவு. திருச்செந்தூர் சாலையில் சிறிது தூரத்திலேயே வரும் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் சிற்பங்களுக்காக ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். அதற்கப்பால், ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில் இருக்கும் ஆழ்வார்திருநகரி, நம்மாழ்வாரின் ஊர். 1,102 பாசுரங்கள் கொண்ட திருவாய்மொழி இம்மண்ணில் பிறந்தது; ஆழ்வார்களின் பாசுரத் தொகுப்பான நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தை வைணவ ஆசாரியர் நாதமுனிகள் மீட்டு இசை வகுத்த வரலாற்றை வைணவ மரபு இவ்வூரோடு சேர்த்தே சொல்கிறது. ஆதிநாதர் கோயிலில் ஆழ்வார் வீற்றிருந்த உறங்காப்புளி என்னும் புளியமரம் இன்றும் நிற்கிறது. இசைத்தூண்களும், கல்லில் கடைந்த நாகசுரமும் இங்கே உண்டு. மரத்தில் செய்யும் கருவியைக் கல்லில் செய்யத் துணிந்த அந்தச் சிற்பியின் பொறுமை என்னை எப்போதும் வியக்க வைக்கிறது.

ஆயினும் இந்த வழியின் முழுப் பயன் நாட்காட்டியைப் பொறுத்தது. பாசுரங்களை ஓதும் மார்கழி அத்யயன உற்சவத்தில் அரையர் சேவை நடக்கும் மிகச் சில தலங்களுள் இதுவும் ஒன்று. கூம்பிய குல்லாய் அணிந்த அரையர், கைத்தாளம் தட்டிப் பாசுரத்தைப் பாடி, அபிநயித்து, பொருளும் சொல்வதை நேரில் கண்டவர்களுக்கு மேடைக் கச்சேரி வேறொரு உலகமாகத் தோன்றும். வைகாசியில், இவ்வட்டாரத்து ஒன்பது வைணவத் தலங்களான நவதிருப்பதியின் பெருமாள்கள் ஒன்பதின்மரும் கருட வாகனத்தில் இங்கே எழுந்தருளுகிறார்கள். அந்த நாட்களில் வர இயலாதவர்கள் காலையில் ரயிலேறி வந்து, நண்பகலுக்கு முன் தரிசனத்தை முடித்து, அதே தடத்தில் திருச்செந்தூருக்குப் போய்ச் சுக்கும் ஏலமும் மணக்கும் சில்லுக்கருப்பட்டி வாங்கித் திரும்பலாம்.

மேற்கே செங்கோட்டை ரயில் தடத்தில் காருகுறிச்சி இருக்கிறது. நாகசுர மேதை காருகுறிச்சி அருணாசலத்தின் ஊர் என்பதால் ரசிகர்கள் அங்கே போக விரும்புவது இயல்பு. 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இழைந்த அவருடைய நாகசுரத்தைக் கேளாத தமிழ்ச் செவி குறைவு. ஆனால் அவருடைய நினைவிடம் கோவில்பட்டியில் இருப்பதால், அவருக்காகப் பயணம் செய்பவரும் வடக்கே போவதே முறை. பத்தமடைப் பாயும் கல்லிடைக்குறிச்சி அப்பளமும் வாங்க நினைப்பவர்களுக்கு மட்டும் மேற்கு வழி ஏற்றது.

வடக்கு வழியைப் பெரும்பாலான பயணத் திட்டங்கள் விட்டுவிடுகின்றன. திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டி ஏறத்தாழ 55 கி.மீ.; அங்கிருந்து பேருந்தில் இன்னும் 15 கி.மீ. சென்றால் எட்டயபுரம். ஆறும் வயலும் மறைந்து, கரிசலும் பனையும் வேலிக்காத்தானுமாக நிலம் மாறிவிடும். சித்திரை, வைகாசியில் அந்த வெயிலைத் தாங்குவது கடினம் என்பதையும், பெரிய கோபுரமோ கூட்டமோ அங்கே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கர்நாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான, 1775-இல் திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் 1835 தீபாவளி நாளில் மறைந்தது இவ்வூரில். அவருடைய நினைவிடம் இங்கேதான் இருக்கிறது. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர், வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர், எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாக இருந்தார். அவர் வழிவந்த சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904-இல் எட்டயபுரத்திலேயே அச்சாயிற்று. சுரங்களை அசைத்து இசைக்கும் கமகங்களுக்குத் தனிக் குறிகள் வகுத்துத் தெலுங்கு எழுத்தில் வெளிவந்த அந்நூலை இன்றும் வித்துவான்கள் புரட்டுகிறார்கள். இவ்வளவும் ஒரு சிறு கரிசல் ஊரில் நடந்திருக்கிறது என்பதை அங்கே நின்று நினைத்துப் பார்க்கும்போது என் மனம் நெகிழ்கிறது. 1882-இல் பாரதி பிறந்த வீடும், கல்கியின் முயற்சியால் எழுந்து 1947-இல் திறக்கப்பட்ட மணிமண்டபமும் அதே ஊரில் இருக்கின்றன.

உணவைப் பொறுத்தவரை இந்த வழியில் ஒன்றே ஒன்றுக்காக நிற்க வேண்டும்: 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய். வறுத்துத் தோல் நீக்கிய கடலையை வெல்லப்பாகில் புரட்டி, தட்டில் பரப்பி, சூடு ஆறுவதற்குள் உருட்டி வெட்டுகிறார்கள். மேலே வண்ணத் தேங்காய்த் துருவல் தூவியதும் உண்டு. நல்ல பதமாக இருந்தால் கடித்தவுடன் முறியும், பல்லில் ஒட்டாது. மதியச் சாப்பாட்டைக் கோவில்பட்டியிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

ஒரு நாள் மட்டும் இருப்பவருக்கு டவுனைத்தான் சொல்வேன்; மார்கழியிலோ வைகாசியிலோ உற்சவ நாட்களில் வருபவருக்கு ஆழ்வார்திருநகரி. இரண்டு நாள் இருக்கும் சங்கீத மாணவருக்கு நான் சொல்வது டவுனும் எட்டயபுரமும் சேர்ந்த பயணம். காந்திமதி அம்மன் மீது தீட்சிதர் ஹேமவதி ராகத்தில் ஒரு கீர்த்தனை செய்திருக்கிறார். அவருடைய மரபில் அந்த ராகத்துக்குத் தேசிசிம்மாரவம் என்று பெயர். அம்மன் சன்னதியில் முதல் நாள் மாலையைக் கழித்தவர், மறுநாள் காலை அப்பாட்டைச் செய்தவரின் நினைவிடத்தில் நிற்கலாம். சித்தி மகள் இந்தத் தீபாவளிக்கு வருகிறாள். எட்டயபுரத்துக்கு விடியலிலேயே கிளம்பிவிட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வீணையையும் உடன் கொண்டுவருகிறாளாம்.