முடக்குவாத வலிக்கு வீட்டு வைத்தியம்: சூடா, ஐஸா, மஞ்சளா, மீன் எண்ணெயா?

முடக்குவாதம் என்று தெரிந்துவிட்டால் யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இருக்காது. வெந்நீர் ஒத்தடம் கொடு என்பார் ஒருவர், ஐஸ் வை என்பார் இன்னொருவர். எல்லாம் அக்கறையில் சொல்வதுதான். ஆனால் பலர் மனதில் இருப்பது வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம். முடக்குவாதம் வேறு. இதில் உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடித்து, பக்கத்து எலும்பையும் குருத்தெலும்பையும் அரிக்கிறது. அதனால் வீட்டு வைத்தியங்களை ஒப்பிடும்போது நான் பார்ப்பவை இரண்டு: வலியும் இறுக்கமும் உண்மையிலேயே குறைகிறதா, சாப்பிடும் மருந்துக்கு இடைஞ்சல் இல்லாமல் இருக்கிறதா?

முதலில் சூடும் குளிரும். இரண்டில் எது நல்லது என்று சண்டை போட வேண்டியதில்லை, அந்த நேரத்தில் மூட்டு எப்படி இருக்கிறது என்று தொட்டுப் பார்த்தால் போதும். காலையில் எழுந்ததும் விரல் மடங்கவில்லை, ஆனால் மூட்டில் சூடு இல்லை என்றால் வெந்நீர்தான். தசை தளரும், விரலை அசைக்க வரும். மூட்டு சிவந்து, வீங்கி, தொட்டாலே கொதிக்கிறது என்றால் குளிர் ஒத்தடம். அது வலியை மரத்துப்போகச் செய்து வீக்கத்தையும் கொஞ்சம் இறக்கும். ஐஸைத் துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும், 15 நிமிடம் போதும். குளிர் பட்டால் விரல்நுனி வெளுத்து நீலம் பாய்கிறவர்கள் ஐஸ் பக்கமே போகக் கூடாது. தோலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இரண்டுமே ஆபத்து, சுடுவது தெரியாமலே புண்ணாகிவிடும்.

ஒத்தடம் நோயைக் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தாது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசிப் பார்க்கும் காக்ரேன் என்ற அமைப்பு 2002இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, சூடோ ஐஸோ நோயின் தீவிரத்தை மாற்றியதாகத் தெரியவில்லை என்றது. அதே தொகுப்பில் ஒரு நல்ல செய்தியும் உண்டு: இளஞ்சூடான பாரஃபின் மெழுகில் கையை முக்கி எடுத்து, கூடவே விரல் பயிற்சியும் செய்தவர்களுக்குக் கொஞ்ச காலத்துக்காவது பலன் இருந்தது.

என் ஓட்டு இந்தக் கூட்டணிக்குத்தான். மெழுகில் சூடு அளவு தவறினால் சுட்டுவிடும் என்பதால் பலருக்கு வெந்நீர்ப் பாத்திரமே வசதி. கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் எடுத்து, மணிக்கட்டு முழுகும் வரை பத்து நிமிடம் வைத்திருங்கள். தண்ணீருக்குள்ளேயே மெதுவாக விரல்களை மடக்கி விரியுங்கள். கட்டைவிரலால் மற்ற விரல்நுனிகளை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். சுண்டுவிரல் வரை எட்டாத நாளில் இழுத்துப் பிடித்து எட்ட வைக்காதீர்கள், வந்த மட்டும் போதும். கையைத் துடைத்த கையோடு சட்டைப் பொத்தானைப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் அங்கேதான் தெரியும். பயிற்சியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பிரிட்டனில் 490 முடக்குவாத நோயாளிகளிடம் நடந்த 'சாரா' ஆய்வில், மருந்தோடு கைப்பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்களுக்கு ஓராண்டு கழித்தும் கை நன்றாக வேலை செய்தது.

இனி உள்ளுக்குச் சாப்பிடுபவை. இங்கே மீன் எண்ணெய், மஞ்சளை முந்துகிறது. மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 என்ற கொழுப்பு வலியையும் காலை இறுக்கத்தையும் ஓரளவு குறைப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அவற்றில் கொடுத்த ஒமேகா-3 அளவு பெரும்பாலும் நாளுக்கு 2.7 கிராம் அளவில், அதுவும் மூன்று மாதமாவது. சாதாரண 1000 மில்லிகிராம் மாத்திரையில் ஒமேகா-3 இருப்பது சுமார் 300 மில்லிகிராம்தான். அப்படியானால் நாளுக்கு ஒன்பது மாத்திரை! ஒரு மாத்திரை போட்டுவிட்டுப் பலனில்லை என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். அவ்வளவு எடுப்பதென்றால், குறிப்பாக ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள், டாக்டரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. மீன் ஈரல் எண்ணெய் வேறு சரக்கு. அதில் வைட்டமின் ஏ அதிகம், ஒன்பது மாத்திரைக் கணக்கை அதற்குப் போடவே கூடாது.

மஞ்சளில் வீக்கத்தைத் தணிக்கும் பொருள் குர்குமின். மஞ்சள்தூளில் அது நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான், அதுவும் குடலில் சரியாகச் சேராது. 2012இல் 45 நோயாளிகளிடம் நடந்த சிறு ஆய்வு நம்பிக்கை தந்தது உண்மை, ஆனால் 45 பேரை வைத்து முடிவு கட்ட முடியாது. சாப்பாட்டில் மஞ்சள் சேர்ப்பதில் பயமில்லை. எனக்குப் பயம், மிளகுச் சத்து சேர்த்து வீரியம் ஏற்றிய குர்குமின் மாத்திரைகள்மேல்தான். அவற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். முடக்குவாதத்துக்கு முதலில் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டும் கல்லீரலைக் கவனிக்க வேண்டிய மருந்து. இரண்டும் சேர்ந்தால்?

வலி குறையும் என்று கையில் மாட்டும் செம்பு வளையம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 70 நோயாளிகளிடம் சோதித்து, 2013இல் வெளியிட்டார்கள். பலனில்லை.

மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு முறை மட்டும் போடுவது, வேலை செய்யத் தொடங்க 6 முதல் 12 வாரம் ஆகும். பலர் மனம் தளர்ந்து மருந்தை விட்டுவிட்டு வெறும் கை வைத்தியத்துக்கு மாறுவது இந்தக் காத்திருப்பில்தான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எலும்பு அரிப்பு முதல் இரண்டு ஆண்டுகளிலேயே தொடங்கிவிடலாம், அரித்த எலும்பை எந்த ஒத்தடமும் திருப்பித் தராது. மருந்து பிடிக்கும் வரை காலையில் வெந்நீரும் பயிற்சியும், வீக்கம் ஏறிய நேரத்தில் ஐஸும் வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று வீங்கிக் காய்ச்சலும் வந்தால், அது மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். ஒத்தடம் கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.