போடாக்ஸ் பிடிக்காவிட்டால் கரைத்துவிடலாமா?

தை மாதத்தில் மகளுக்குத் திருமணம் வைத்திருக்கும் தோழி ஒருத்தி, புருவங்களுக்கு நடுவே விழும் கோடுகளுக்குப் போடாக்ஸ் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். பிடிக்காவிட்டால் கரைத்துவிடுவார்களாமே என்றும் சேர்த்துக் கேட்டாள். சில ஆண்டுகளாகப் போட்டுக்கொண்டு வருபவள் என்ற முறையில் சொல்கிறேன்: கரைக்க முடியாது.

கரைக்கக்கூடியது தோலுக்கடியில் நிரப்பப்படும் ஃபில்லர், அதிலும் ஹயலூரானிக் அமிலத்தால் ஆனது மட்டுமே. அதற்கு ஹயலூரானிடேஸ் என்ற நொதியை ஊசியாகப் போட்டால் அது கரையத் தொடங்கிவிடும். போடாக்ஸில் கரைப்பதற்கென்று ஒரு பொருள் தோலுக்கடியில் தங்கியிருப்பதில்லை. போடாக்ஸ் ஒரு நச்சுப் புரதம்; அது நரம்பு நுனிக்குள் நுழைந்து, தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிவருவதற்குத் தேவையான ஸ்நாப்-25 என்ற புரதத்தை வெட்டிவிடுகிறது. நரம்பு தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளும் வரை தசை சுருங்காது, அதற்குப் பொதுவாக 3 முதல் 4 மாதங்கள் ஆகும். இதே நச்சால் வரும் பாட்டுலிசம் நோய்க்குக் கொடுக்கும் எதிர்நச்சு மருந்துகூட, நரம்புக்குள் போகாமல் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் நச்சைத்தான் மடக்குமே தவிர, செயலிழந்த தசையை எழுப்பிவிடாது. ஆவி பிடிப்பதும் தேய்ப்பதும் இதை வெளியே எடுப்பதில்லை. போட்ட சில மணி நேரத்துக்குள் தேய்த்தால், மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவும் ஆபத்துதான் கூடும்.

அப்படிப் பரவியதன் பலனை ஒரு முறை அனுபவித்தேன். வழக்கமான இடத்தை விட்டு வேறொரு கிளினிக்கில் போட்டுக்கொண்டபோது, இமையைத் தூக்கும் தசையை மருந்து எட்டிவிட்டது. ஒரு வாரம் கழித்து இடது கண் பாதி மூடியபடி நின்றது. மை தீட்டும்போது அந்த இமையை விரலால் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. இமையை உயர்த்தும் முயற்சியில் இடப்புருவம் தானாகவே மேலேறிக்கொண்டதால், எதிரில் பேசுகிறவர்களை நான் நம்பவில்லை என்பது போல முகம் காட்டியது. அந்தப் புருவத்தின் மேல் நெற்றி மாலைக்குள் வலிக்கவும் தொடங்கிவிடும்.

இமை தொங்குவது மருந்தின் குறிப்புத்தாளிலேயே இருக்கிறது. புருவ நடுக்கோடுகளுக்கான ஆய்வுகளில் 3 சதவீதம் பேருக்கு நேர்ந்தது என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஆகவே அது நேர்ந்ததில் எனக்குப் பெரிய கோபமில்லை. ஊசி போடுவதற்கு முன் நான் நேரடியாகக் கேட்டபோது, அங்கிருந்த ஆலோசகர் "எதுவானாலும் சரிசெய்துவிடலாம் மேடம்" என்றாரே, அதை நினைத்தால்தான் இன்றும் எரிச்சல் வருகிறது. சரிசெய்வது என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் இன்னும் சில யூனிட் போட்டு மறுபக்கத்தையும் தளர்த்திச் சமன்செய்வதுதான். ஒரு புருவ நுனி மட்டும் தூக்கிக்கொண்டு நின்றால் அது உதவும். தொங்கும் இமைக்கு உதவாது.

எனக்கு உதவியது கண் மருத்துவர் எழுதித் தந்த அப்ராக்ளோனிடின் சொட்டு மருந்து. அது போடாக்ஸை எதிர்ப்பதில்லை. இமையில் முல்லர் தசை என்று இன்னொரு சிறிய தசை இருக்கிறது; வேறு வகை நரம்பால் இயங்குவதால் இந்த ஊசி அதைத் தொடுவதில்லை. சொட்டு மருந்து அதைத் தூண்டி, இமையைச் சில மணி நேரத்துக்கு 1 அல்லது 2 மில்லிமீட்டர் உயர்த்தும். மில்லிமீட்டர்தானே என்று தோன்றலாம். கண்ணாடியில் பார்த்தால் அது வேறு முகம். இமை, கோடுகள் திரும்புவதற்கு வெகுமுன்பே, சில வாரங்களில் தானாகவே நிமிர்ந்துவிட்டது. மருந்து நிரந்தரமல்ல என்று மற்ற நாட்களில் அலுத்துக்கொள்ளும் நான், அந்த வாரங்களில் அதற்காகவே நன்றியோடு இருந்தேன்.

நியாயமாகச் சொல்வதானால், மற்ற எல்லா முறையும் இது சொன்னதைச் செய்திருக்கிறது. ஏன் கோபமாக இருக்கிறீர்கள் என்று யாரும் என்னைக் கேட்பதில்லை. அதற்காக மட்டுமே கொடுத்த பணம் தகும் என்பேன். ஆனாலும் தோழிக்கு வேண்டாம் என்றுதான் பதில் எழுதினேன். முதல்முறை போடுகிறவளின் தசை எப்படி நடந்துகொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. திருமணத்துக்கு மிச்சமிருப்பதோ சில வாரங்கள். பங்குனியில் போட்டுக்கொள்ளட்டும், ஆலோசகரிடம் அல்ல, ஊசி போடப்போகும் மருத்துவரிடமே கேட்டுவிட்டு. நான் அடுத்த மாதம் என் பழைய மருத்துவரிடம் போகத்தான் போகிறேன். அவர் முதல் சந்திப்பிலேயே இதை எடுக்க முடியாது என்று சொன்னவர்.